மணலில் எழுதிய கணக்கு: அருமனைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் கதை

கலியுகம் பிறந்து 14,49,087 நாள். இது பஞ்சாங்கத்தில் வந்த எண் அல்ல. ஆய் குல அரசன் கருநந்தடக்கன் வெளியிட்ட செப்பேட்டில் இருக்கும் எண். பழைய விளவங்கோடு தாலுகாவில், முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவசேகரபுரம் என்ற ஊரில் அந்த அரசன் ஒரு விஷ்ணு கோயிலைக் கட்டினான். முஞ்சிறைச் சபையாரிடம் இடத்தை மாற்றுநிலம் கொடுத்து வாங்கினான். கோயிலோடு சேர்த்து ஒரு சாலையும் ஏற்படுத்தினான். சாலை என்றால் அன்றைக்கு உண்டு உறைந்து படிக்கும் கல்விக்கூடம் என்று பொருள்.

இந்த எண்ணை வைத்து ஒரு சின்ன வேலை செய்து பார்க்கலாம். கலியுகம் தொடங்கியதாகக் கணக்கில் கொள்ளும் நாள் கி.மு. 3102 பிப்ரவரி 18. செப்பேட்டு எண்ணை 365.25 ஆல் வகுத்தால் 3967 ஆண்டு வரும், மீதி 140 நாள். பூஜ்ஜியம் என்று ஓர் ஆண்டு கிடையாது என்பதை மட்டும் மறக்காமல் கூட்டினால் கி.பி. 866 பிப்ரவரி 18 இல் வந்து நிற்போம். அங்கிருந்து 140 நாள் தள்ளினால் ஜூலை 8. அவ்வளவுதான், ஒரு செப்பேட்டின் தேதி கிடைத்துவிட்டது! வகுத்தல் தெரிந்த எந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையும் இதைச் செய்துவிடும். ஆனால் எந்தக் கணிதப் புத்தகத்திலும் இந்தக் கணக்கு இல்லை. வரலாற்றுப் புத்தகத்திலோ விடை மட்டும் இருக்கிறது, 866 என்று.

கணிதமும் அறிவியலும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் மனதைப் பிடிப்பதில்லை என்ற குறை இன்று நேற்று வந்தது அல்ல. அருமனையைச் சுற்றியுள்ள இந்த மலையோரப் பகுதியின் கல்வி வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். பிள்ளையின் மனதைப் பிடிப்பது பற்றிய கவலையே மிகவும் பிந்தி வந்த ஒன்று. அதற்கு முன்னால் வேறு ஒரு கேள்வி இருந்தது. உள்ளே வர யாருக்கு அனுமதி?

பார்த்திவசேகரபுரத்துச் சாலையில் 95 பேருக்கு இடம். செப்பேடு அதையும் பிரித்தே சொல்கிறது. பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரீயத்தாருக்கு 36, தலவகாரத்தாருக்கு 14. கூட்டினால் சரியாக 95. வேதப் பிரிவுகளின்படி ஒதுக்கப்பட்ட இடங்கள் இவை. வயலில் நாற்று நட்டவனின் பிள்ளைக்கும், பனை ஏறியவனின் பிள்ளைக்கும் அந்தக் கூட்டலில் இடமே இல்லை.

ஆசான் பள்ளிக்கூடம்

சாலைகள் மறைந்த பிறகு நெடுங்காலம் கல்வியைத் தாங்கி நின்றவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். மேற்கே மலையாளத்தை ஒட்டிய ஊர்களில் அவை ஆசான் பள்ளிக்கூடம் எனப்பட்டன. தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத வேண்டும். எழுத்துப் பிடிபட்ட பிறகே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும்.

அங்கே கணக்கு என்பது எண்சுவடி. பெருக்கல் வாய்ப்பாடு மட்டுமல்ல, பின்னங்களும் வாய்ப்பாடாகவே இருந்தன. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி (பதினாறில் ஒன்று), மா (இருபதில் ஒன்று), காணி (எண்பதில் ஒன்று), அரைக்காணி, முந்திரி (முந்நூற்றிருபதில் ஒன்று) என்று இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு பின்னத்துக்கும் பெயர் உண்டு, எழுத்தும் உண்டு. இன்றைக்கு ஆறாம் வகுப்பில் பின்னம் வந்ததும் பிள்ளைகள் திணறுவதைப் பார்க்கிறோம். அன்றைக்கு எட்டு வயதுப் பையன் மாகாணியையும் அரைக்காணியையும் மனதுக்குள் கூட்டிச் சொல்வான். சொல்லாவிட்டால் பிரம்பு. பெரிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பையன்களை ஒப்பிக்க வைப்பான்.

இந்த முறையைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசலாம். அந்தக் கணக்கு பிள்ளைக்கு அந்நியமானதல்ல என்பது ஒன்று. நெல் அளப்பது, நிலம் அளப்பது, கூலி பிரிப்பது என்று அவன் வீட்டில் தினமும் நடந்தவைதான் எண்சுவடியில் இருந்தன. படித்ததைச் சாயங்காலமே களத்தில் பயன்படுத்தலாம். ‘இதைப் படித்து என்ன பிரயோஜனம்?’ என்ற கேள்விக்கே இடம் இருந்திருக்காது.

மற்றொன்று மனப்பாடம். அதன் எல்லை எது என்பதற்குப் புதுச்சேரியில் நடந்த ஒரு நிகழ்ச்சி நல்ல சான்று. 1825 இல் ஜான் வாரன் என்ற அதிகாரி, தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரிடம் அந்த ஆண்டு ஜூன் மாதத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். அவர் சோழிகளைத் தரையில் அடுக்கி, அட்டவணைகளை நினைவிலிருந்தே சொல்லிக் கணித்தார். ஒரு காகிதத் துண்டு கூட இல்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவருடைய பிழை சில நிமிடங்கள் மட்டுமே. ஆனால் ஏன் அப்படிக் கணிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும் வாரன் எழுதி வைத்தார். கணித வரலாற்றறிஞர் ஓட்டோ நொய்கபவர் 1952 இல் இதை எடுத்து ஆராய்ந்தபோது, அந்தக் கணிப்பு முறையின் வேர் பல நூற்றாண்டுகள் பழைய பாபிலோனிய முறை வரை போவதைக் காட்டினார். காரணம் தெரியாமலே ஓர் அறிவை ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் கடத்த முடியும். ஆனால் வளர்க்க முடியாது. இது பஞ்சாங்கக்காரருக்கு மட்டும் பொருந்துவதா, இன்றைய பத்தாம் வகுப்புக்கும் பொருந்துவதா என்பது யோசிக்க வேண்டியது.

மணலெழுத்துக்கு இன்னொரு கிளைக்கதையும் உண்டு. 1789 இல் சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஊர்ப்பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் இல்லத்திலும் அதையே தொடங்கினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்க மறுத்தபோது பெரிய பையன்களையே சின்னவர்களுக்குக் கற்பிக்க வைத்தார். 1797 இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய்ப் பெயர் வாங்கிய கதை இது. பிறகு அதே முறை ஆங்கிலேயக் கல்வியாக இங்கேயே திரும்பி வந்தது!

சக்கரமும் பணமும்

திருவிதாங்கூர் காலத்தில் இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குப் போனால் அணா, பைசாக் கணக்கு. எல்லையில் வாழும் பிள்ளை இரண்டையும் கற்க வேண்டும். அரைச் சக்கரம் குறையும் இந்த மாற்றுக் கணக்கில் ஏமாந்தவர்கள் எத்தனை பேரோ! விகிதம், நேர்மாறல் எல்லாம் அன்று சந்தையிலேயே படிக்கக் கிடைத்த பாடம்.

மிஷனரிகளின் வரவு இங்கே ஒரு திருப்பம். 1806 இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே, 1818 இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மீட் ஆகியோர் தொடங்கிய பள்ளிகளில்தான் அதுவரை எந்தத் திண்ணையும் ஏற்காத பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். 1817 இல் ராணி கௌரி பார்வதி பாயி, கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணையிட்டார். ஆவணத்தில் அது அழகான ஆணை. ஆனால் அரசுப் பள்ளியின் வாசல் எல்லாருக்கும் திறக்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது.

அந்தத் திறப்பு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு அருமனையிலிருந்து வெகுதொலைவு போக வேண்டாம். நெய்யாற்றின்கரைப் பக்கம் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1907 இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். மறுத்தபோது வயல் வேலைக்கு ஆள் போகாது என்று அறிவித்தார். எங்கள் பிள்ளைகளைப் படிக்க விடாவிட்டால் உங்கள் வயலில் புல் முளைக்கும் என்பதே அதன் சாரம். ஊரூட்டம்பலத்துப் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியை அவர் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, எதிர்த்தவர்கள் அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்தப் பள்ளிக்கு 2022 இல் கேரள அரசு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியது. கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்தவர்கள் உலகில் ஏராளம். பிள்ளைகளுக்கு வகுப்பறையில் ஓர் இடம் வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்தவர்கள் மிகக் குறைவு.

மலைமேல் அறிவியல்

இதே காலத்தில் அறிவியல் இந்தப் பகுதிக்கு வராமல் இல்லை. சுவாதித் திருநாள் மன்னர் 1837 இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் அமைத்தார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின் 1852 இல் வந்த ஜான் ஆலன் பிரௌன் அதோடு நிற்கவில்லை. 1855 இல் அகத்தியமலை உச்சியில் காந்தப்புலத்தை அளக்க ஓர் ஆய்வுக்கூடத்தையே கட்டினார். அருமனையிலிருந்து நேர் வடக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில் இருக்கிறது அந்த மலை. கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். ஆளும் கருவியும் காட்டு வழியே தலைச்சுமையாக ஏற வேண்டும். அடிவாரத்திலும் உச்சியிலும் ஒரே நேரத்தில் காந்த ஊசி எப்படி அசைகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே நோக்கம்.

ஏன் இங்கே? பூமியின் காந்த நடுக்கோடு இந்தத் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதே காரணத்துக்காகத்தான் ஒரு நூற்றாண்டு கழித்து விக்ரம் சாராபாய் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார். 1963 நவம்பர் 21 இல் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் அங்கிருந்து பறந்தது. உலகத்தார் தேடி வந்து அளந்த இடத்தில்தான் இந்தப் பகுதிப் பிள்ளைகள் பிறந்து வளர்கிறார்கள். பத்தாம் வகுப்பில் காந்தவியல் படிக்கும்போது எத்தனை பேருக்கு இது சொல்லப்படுகிறது?

செய்து பார்த்துக் கற்பது என்ற எண்ணம் இந்த வட்டாரத்தில் முதலில் வேர் பிடித்ததும் பள்ளிக்கூடத்தில் அல்ல. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்ஸர் ஹாட்ச் நடத்திய கிராம மேம்பாட்டு மையத்தில்தான். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு ஆகியவற்றை அங்கே சொற்பொழிவாக நடத்தாமல் செய்து காட்டினார்கள். பெட்டியைத் திறந்து, ராணி ஈயைக் காட்டி, தேனடையைக் கையில் கொடுத்துப் பயிற்சி. மார்த்தாண்டம் தேன் 2023 இல் புவிசார் குறியீடு பெற்றதற்கு அங்கே போட்ட விதையும் ஒரு காரணம். தேனீயின் வாழ்க்கைச் சுழற்சி, அறுகோணத்தின் பரப்பளவு, மகரந்தச் சேர்க்கை எல்லாம் இந்த ஊர்ப் பெரியவர்கள் வாழ்க்கையில் அப்படித்தான் நுழைந்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே விஷயங்களைப் பாடப்புத்தகத்தில் வரியடித்து மனப்பாடம் செய்தார்கள்.

1956க்குப் பிறகு

1956 நவம்பர் 1 இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. பாடத்திட்டம் மாறியது. அடுத்த ஏப்ரலில் நயா பைசா வந்தது, பின்னாலேயே மெட்ரிக் அளவை வந்தது. சக்கரமும் பணமும் ஏற்கெனவே போயிருந்தன, அணாவும் போனது. எண்சுவடியின் மாகாணிக்கும் முந்திரிக்கும் வேலை இல்லாமல் போய், அந்த இடத்தில் தசமப் புள்ளி உட்கார்ந்தது. கணக்கு எளிதானது உண்மை. ஆனால் வீட்டில் பாட்டி சொல்லும் அளவுக்கும் பள்ளியில் சார் சொல்லும் அளவுக்கும் இருந்த உறவு அறுந்தது.

மேற்குப் பகுதிக்கு மொழிச் சிக்கலும் இருந்தது. மலையாள வழியில் படித்தவருக்கு வியாசம், தமிழ் வழியில் விட்டம். அங்கே திரிகோணம், இங்கே முக்கோணம். இந்த மாவட்டத்தில் மலையாள வழி வகுப்புகள் இன்றும் உண்டு. ஒரே வட்டத்தை இரண்டு சொல்லால் அழைக்கும் பிள்ளைக்குச் சொல் வேறு பொருள் வேறு என்பது இயல்பாகவே புரிந்துவிடும். இதை ஒரு குறையாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம்.

1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி குழு, பத்தாம் வகுப்பு வரை கணிதமும் அறிவியலும் எல்லாருக்கும் கட்டாயம் என்று பரிந்துரைத்தது. அதுவரை இவை சிலர் மட்டும் தேர்ந்தெடுக்கும் பாடங்களாகவே பல இடங்களில் இருந்தன. கட்டாயமான பிறகுதான் ‘பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை’ என்ற குரல் பலமாக எழுந்தது. விருப்பப்பட்டு வந்தவனுக்கு நடத்துவது வேறு, எல்லாருக்கும் நடத்துவது வேறு அல்லவா?

அதற்கு முதல் பெரிய பதில் வடக்கே இருந்து வந்தது. 1972 இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு அமைப்புகள் அதை நடத்தின. புத்தகத்தில் விடையே இருக்காது. கேள்வியும் சோதனையும் மட்டும். பிள்ளைகள் கூட்டமாக வயலுக்குப் போய் மண்ணையும் பூச்சியையும் பார்த்து, வந்து எழுத வேண்டும். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். தீப்பெட்டிக் குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் கொண்டு அரவிந்த் குப்தா வடிவியல் மாதிரிகள் செய்யத் தொடங்கியது இங்கேதான். 1978 இல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982 இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் அதைத் தாங்கியது. முப்பதாண்டு ஓடிய பிறகு 2002 இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது.

தெற்கே கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962 லேயே தோன்றிவிட்டது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980 இல் வந்தது. 1987 இல் ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் மாத இதழும் வந்தது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆராய்ந்து கட்டுரை கொடுக்க வேண்டும் என்று வைத்தது. ஊர்க் குளத்து நீர், கொசு, குப்பை என்று தலைப்புகள் எளியவை. ஆனால் விடை முன்கூட்டியே தெரியாத கேள்வியோடு ஒரு பிள்ளை மாதக்கணக்கில் வாழ்வது அங்கேதான் நடந்தது. பரிசு வாங்கும் ஆசையில் ஆசிரியரே கட்டுரையை எழுதிக் கொடுத்த இடங்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வளையம் தெரிந்த நாள்

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். தை அமாவாசையும் அன்றே. கன்னியாகுமரி மாவட்டம் முழுவதும் கங்கண சூரிய கிரகணத்தின் பாதைக்குள் வந்தது. பிற்பகல் 1.10 மணியை ஒட்டி நிலா சூரியனின் நடுவில் புகுந்து, விளிம்பு மட்டும் வளையமாக எரிந்தது. இந்தியப் பெருங்கடலில் அதன் உச்ச நேரம் 11 நிமிடம் 8 நொடி. இதைவிட நீண்ட கங்கண கிரகணம் இனி 3043 ஆம் ஆண்டில்தான். கோயில் நடைகள் அடைத்திருந்தன. பல வீடுகளில் பிள்ளைகளை வெளியே விடவில்லை. அறிவியல் இயக்கத்தாரும் ஆசிரியர்களும் சூரியக் கண்ணாடிகளோடு தெருவில் நின்றார்கள்.

ஆனால் கண்ணாடி இல்லாமலும் அதைப் பார்த்திருக்கலாம். மரத்தின் இலை இடுக்குகள் ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்யும், நிழலில் நூற்றுக்கணக்கான வளையங்கள் விழும். அருமனைப் பக்கம் எங்கு பார்த்தாலும் ரப்பர் மரம். ஆனால் ஜனவரியில் ரப்பர் இலை உதிர்க்கும் பருவம். ஆகவே வளையத்தைத் தேடியவர்கள் மாமரத்தடிக்கோ பலாமரத்தடிக்கோ போயிருக்க வேண்டும். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்ற ஒரு வரி, தாவரவியலின் ஒரு வரி, ஊரைப் பற்றிய அறிவு மூன்றும் சேர்ந்தால்தான் இந்த ஒரு விஷயம் புரியும். பாடவேளை மணி இவற்றைத் தனித்தனியாக வெட்டி வைத்திருக்கிறது.

தேர்ச்சியும் தேர்வும்

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியிலும் பல ஆண்டுகள் முன்வரிசை. பெருமைப்பட வேண்டியதுதான். அதே 2011 டிசம்பரில் இன்னொரு முடிவும் வந்தது. பன்னாட்டு அளவில் 15 வயது மாணவர்களுக்கு நடத்தப்படும் பிசா தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றிருந்தன. வளர்ந்த நாடுகளின் சராசரி 500ஐ ஒட்டி இருக்க, தமிழ்நாட்டுக்குக் கணிதத்தில் 351, அறிவியலில் 348. மொத்தம் 74 பங்கேற்பாளர்களில் கடைசி மூன்றுக்குள் இடம். கேள்விகள் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானவை என்று காரணம் சொல்லப்பட்டது. அடுத்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. காய்ச்சல் அதிகம் காட்டியதற்காகத் தெர்மாமீட்டரைத் தூக்கி எறிந்தது போலத்தான் இது.

எப்படி இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளைப் பார்த்தால் தெரியும். வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 8 மதிப்பெண், ஆண்டுதோறும் தவறாமல் வரும். பின்தங்கிய பிள்ளைக்கு இரவு வகுப்பு வைத்து இந்த இரண்டையும் நூறு முறை வரைய வைத்தால் தேர்ச்சிக்குப் பாதி தூரம் வந்தாயிற்று. இதை நடத்தும் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. மாலை ஏழு மணி வரை பள்ளியில் உட்கார்ந்து ஒரு பிள்ளையைக் கரை சேர்ப்பவர் அவர். ஆனால் தொடுகோட்டைப் பிழையில்லாமல் வரையும் பிள்ளைக்கு, அது ஏன் ஆரத்துக்குச் செங்குத்தாக இருக்கிறது என்று தெரியாது. சட்டாம்பிள்ளை எங்கும் போய்விடவில்லை, வழிகாட்டி நூலாக உருமாறியிருக்கிறார்.

மாற்றங்கள் வராமலும் இல்லை. 2007 வாக்கில் நடுநிலை வகுப்புகளுக்குச் செயல்வழியான புதிய கற்பித்தல் முறை வந்தது. சமச்சீர் கல்வியோடு பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு ஒதுக்கப்பட்டது. அதுவரை பிளஸ் ஒன் வரும் வரை சோதனைக்குழாயைத் தொடாத பிள்ளைகள் ஏராளம். 2018 முதல் வந்த புதிய பாடநூல்கள் உண்மையிலேயே தரமானவை, விரைவுக் குறியீடு, படங்கள் என்று எல்லாம் உண்டு. கனம்தான் சற்று அதிகம்.

இதே மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த சரக்கல்விளை கே. சிவன் 2018 முதல் 2022 வரை இஸ்ரோ தலைவராக இருந்தார். மேலக்காட்டுவிளை வி. நாராயணன் 2025 ஜனவரியில் அதே பொறுப்புக்கு வந்தார். தமிழ் வழியில் படித்தால் அறிவியல் வராது என்பவர்களுக்கு இவர்கள் போதும். ஆனால் இரண்டு பேரை மட்டும் சுட்டிக்காட்டி ஒரு கல்விமுறையை அளக்கவும் கூடாது. அவர்களோடு அதே பெஞ்சில் இருந்து கணக்கில் தோற்று நின்றுபோனவர்களையும் எண்ணினால்தான் அளவு சரியாக வரும்.

ரப்பர்ப்பால்

அருமனை, களியல், கடையால் பக்கம் விடியற்காலை என்பது பால்வெட்டு நேரம். சிரட்டையில் வடியும் பாலைச் சேர்த்து, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் ஆசிட் ஊற்றித் தட்டில் உறைய வைப்பார்கள். உறைந்ததை மெஷினில் அடித்து ஷீட்டாக்கிப் புகைப்புரையில் காய வைப்பார்கள். பாலாகவே விற்றால் அதில் உலர் ரப்பர் எவ்வளவு சதவீதம் என்று பார்த்துத்தான் விலை. அந்தச் சதவீதம் மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும், சாதாரணமாக 30 முதல் 40 வரை. 

இதில் என்னதான் இல்லை? கூழ்மம் இருக்கிறது, அமிலம் இருக்கிறது, பலபடி இருக்கிறது, அடர்த்தி இருக்கிறது, சதவீதமும் சராசரியும் இருக்கின்றன. பாலில் சதவீதத்தைக் குறைத்துச் சொல்லும் வியாபாரியிடம் வீட்டு வருமானமே மாட்டியிருக்கிறது. ஃபார்மிக் அமிலத்தின் வாய்பாட்டை வகுப்பில் எழுதத் தடுமாறும் பையன், அதை எந்த அளவில் நீர் சேர்த்து ஊற்ற வேண்டும் என்பதில் அப்பாவுக்கே யோசனை சொல்வான். அவனுக்கு வேதியியல் வராது என்று மதிப்பெண் பட்டியல் சொல்கிறது.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு வானவில் மன்றம் என்ற திட்டத்தைத் திருச்சியில் தொடங்கியது. சோதனைப் பொருட்களோடு கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகப் போய், பிள்ளைகளைக் கொண்டே அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்ய வைப்பது இதன் ஏற்பாடு. பலூன், கண்ணாடித் துண்டு, காகித மடிப்பு என்று விலை குறைந்த பொருட்கள். ஹோஷங்காபாத்தில் 16 பள்ளிகளில் தொடங்கிய எண்ணம், ஐம்பது ஆண்டு சுற்றி ஓர் அரசுத் திட்டமாக இங்கே வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 13,200 அரசுப் பள்ளிகளுக்கு 710 கருத்தாளர்கள் என்று அறிவித்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குப் பதினெட்டு, பத்தொன்பது பள்ளிகள். ஒரு பள்ளிக்கு மாதம் ஒரு முறை போனால் பெரிய விஷயம்.

திட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும். ஒன்பதில் ஏறியதும் கருத்தாளரும் பலூனும் விடைபெற, வடிவியலும் வரைபடமும் பொதுத்தேர்வும் காத்திருக்கின்றன. அருமனை ஏறத்தாழ 8.3 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நண்பகலிலும் செப்டம்பர் தொடக்கத்தை ஒட்டி இன்னொரு நண்பகலிலும் அங்கே நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. ஏப்ரல் நாள் பெரும்பாலும் தேர்வு நேரத்தில் போய்விடும். செப்டம்பர் நாளில் பள்ளிக்கூடம் உண்டு, மழை மேகம் மட்டும் விலக வேண்டும்.